அன்று கண், இன்று கைப்பேசி

சிரம்பானிலிருந்து தம்பினுக்குப் போகும் பழைய சாலையில், ரெம்பாவுக்கு முன்னால் வரும் சிறு ஊர் பெடாஸ். வெளியூர்க்காரர்களுக்கு அதன் வெந்நீர் ஊற்று தெரியும். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் பெடாஸ்–லிங்கி டோல் தெரியும். நெகிரி செம்பிலான் தமிழர்களுக்கு இந்த வட்டாரம் வேறு விதமாக நெருக்கம். ரெம்பாவ், லிங்கி, ரந்தாவ், சிலியாவ் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும், பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாத்தாவோ பாட்டியோ குடும்பக் கதைக்குள் வந்துவிடுவார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் காலியாயின, தாமான்கள் நிறைந்தன. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று செனவாங் தொழிற்சாலைகளுக்கும் சிரம்பான் அலுவலகங்களுக்கும் போய்வருகிறார்கள்.

இவ்வளவு மாறிய இடத்தில் ஒரு பழக்கம் மட்டும் உருமாறி உயிரோடு இருக்கிறது. கல்லீரலில் ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்தால், நோய் இன்னது என்று நாமே தீர்மானித்து, மருந்தையும் நாமே முடிவுசெய்வது. அன்று கண்ணைப் பார்த்துச் சொன்னார்கள். இன்று கைப்பேசியைப் பார்த்துச் சொல்கிறோம். அன்றைய மனிதர்களுக்கு வேறு வழி குறைவு. நமக்கு வழி இருக்கிறது, பயன்படுத்தாமல் விடுகிறோம். அதில் உயிர்கள் போகின்றன என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

லயத்து வைத்தியம்

தோட்டத்தில் மஞ்சக்காமாலை என்றால் முதலில் பார்ப்பது கண்ணின் வெள்ளையை. அடுத்தது நகம், பிறகு சிறுநீரின் நிறம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சோற்றுப் பருக்கையைச் சிறுநீரில் போட்டு மஞ்சள் ஏறுகிறதா என்று சோதிப்பதும் உண்டு. கப்பலேறி வந்தவர்களோடு இந்த அறிவும் வந்தது. காமாலை உறுதி என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால், கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெய் கூடாது, கறி மீன் கூடாது, கஞ்சிதான் பத்தியம். மந்திரிப்பவர் இருந்தால் அவரிடமும் ஒரு நடை.

தோட்டத்தில் மருத்துவமே இல்லை என்று சொல்ல முடியாது. நெகிரி செம்பிலான் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்கள் மீது வைத்தது. பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி இருந்தது. மற்றவற்றில் ஒரு சிறு மருந்தகமும் டிரசர் என்ற ஒரு மருத்துவ உதவியாளரும். டாக்டர் எப்போதாவது வந்துபோவார். காயத்துக்குக் கட்டு, காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து, வயிற்றுப்போக்குக்குக் கலவை என்று அன்றாடத்தைத் தாங்கியவர் டிரசர்தான். 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்ய ஒரு தனிச் சட்டமே வந்தது என்றால், அந்த ஒருவரை எத்தனை ஆயிரம் குடும்பங்கள் நம்பியிருந்தன என்று எண்ணிப்பார்க்கலாம். ஆனால் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அவரிடம் கருவி இல்லை. ரத்தப் பரிசோதனை என்றால் சிரம்பான் பெரியாஸ்பத்திரி. அதற்கு ஒரு நாள் வேலை போகும். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

இந்த நிலையில் கண்ணைப் பார்த்து நோயைச் சொன்ன பாட்டியை யாரும் குறை சொல்ல முடியாது. கையில் இருந்த அறிவை அவர் பொறுப்போடு பயன்படுத்தினார். பத்தியம் என்ற பேரில் நோயாளிக்கு ஓய்வும் கவனிப்பும் கிடைக்கச் செய்தார்.

கீழாநெல்லிக்கு எப்படிப் பேர் வந்தது

லயத்தில் அந்த மருந்து பலமுறை பலிக்கவும் செய்தது. காரணம் உண்டு. ஆற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் குடித்த காலத்தில், சரியான கழிப்பறை இல்லாத வரிசை வீடுகளில், அசுத்த நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ சாதாரணமாக வரக்கூடிய நோய். கண் மஞ்சளாகும், வாந்தி வரும், சோறு இறங்காது. ஆனால் அது பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், உடலின் எதிர்ப்புச் சக்தியாலேயே அடங்கிவிடும். நாள்பட்ட நோயாக அது தங்குவதில்லை. தானாகத் தீரும் நோயில் எந்த மருந்தைக் கொடுத்தாலும் பெயர் அந்த மருந்துக்குத்தான் போய்ச் சேரும். பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்வார். பிழைக்காதவருக்கு “விதி முடிந்தது” என்பார்கள். மருந்தின் மீது யாரும் சந்தேகப்படுவதில்லை.

கீழாநெல்லியை அறிவியல் அலட்சியப்படுத்திவிட்டது என்று இன்றும் சிலர் குறைப்படுகிறார்கள். நடந்தது வேறு. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான குழு, ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலில் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துச் சோதித்து, 1988-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டது. மூலிகை சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் மற்ற நாடுகளில் அதே சோதனையைச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்ட கோக்ரேன் மதிப்பாய்வும், நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடித்தது. நம் மூலிகைக்கு நியாயமான வாய்ப்பு தரப்பட்டது. பதிலும் வந்துவிட்டது.

ஒரு மஞ்சள், பல நோய்

காமாலை கல்லீரலோ பித்தப்பையோ ரத்தமோ தரும் ஓர் அறிகுறி. நோய் அதற்குப் பின்னால் இருக்கிறது. பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும். ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தாலும், கடுமையான மலேரியாவிலும் அப்படித்தான். எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் நின்று வேலை செய்பவருக்கு வரும் எலிக்காய்ச்சல், மலாய்க்காரர்கள் ‘கென்சிங் திக்குஸ்’ என்பது, முற்றினால் கண்ணை மஞ்சளாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உரிய நேரத்தில் பென்சிலின் போன்ற மருந்து கொடுத்தால் காப்பாற்றலாம். அந்த நோயாளிக்குப் பத்தியக் கஞ்சி கொடுத்துப் பத்து நாள் காத்திருப்பது ஆபத்து. மலேசியாவில் எலிக்காய்ச்சல் 2010 முதல் சுகாதார அதிகாரிகளுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்.

வெளித்தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதை நெகிரி செம்பிலானைவிட நன்றாக அறிந்த மாநிலம் வேறில்லை. 1998-ஆம் ஆண்டு இறுதியிலும் 1999-இன் தொடக்கத்திலும் போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளில் பன்றிப் பண்ணைக்காரர்கள் காய்ச்சலும் மூளை அழற்சியுமாக விழுந்தார்கள். அறிகுறிகளை வைத்து அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். கொசுவுக்கு மருந்தடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் ஆய்வுக்கூடத்தில் ஒரு புதிய வைரஸைக் கண்டார். அதுதான் நிப்பா. பன்றிகளிடமிருந்து வருகிறது என்று தெரிந்தபின்தான் தடுக்க முடிந்தது. அதற்குள் 105 பேர் இறந்திருந்தார்கள். படித்த நிபுணர்களே ஆய்வுக்கூடத்தின் விடை வரும்வரை தவறான நோயோடு போராடினார்கள் என்றால், வீட்டுக் கண்ணாடியில் கண்ணைப் பார்த்து நாம் எடுக்கும் முடிவுக்கு என்ன உறுதி?

இன்றைய கல்லீரல்

குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் வந்தபின் பழைய காமாலை ஒதுங்கியது. அதன் இடத்தில் வந்திருப்பவை சத்தம் போடாத நோய்கள். கண்ணில் எதுவும் தெரியாது, வலியும் இருக்காது. தெரிய வரும்போது பல நேரம் கல்லீரல் சுருங்கித் தழும்பேறியிருக்கும், அல்லது புற்றுநோய் தொடங்கியிருக்கும்.

முதலாவது ஹெபடைட்டிஸ் பி. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி 1989 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு, அதாவது லயத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறையில் பெரும்பாலோருக்கு, அந்தக் காப்பு இல்லை. தாயிடமிருந்து பிறப்பின்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது வாழ்நாள் தொற்றாகத் தங்கிவிடுகிறது. அவர் நாற்பது ஐம்பது வயதுவரை நலமாகவே இருப்பார். தெரிந்தால் மருந்தால் அடக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் புற்றுநோயை முளையிலேயே பிடிக்கலாம்.

இரண்டாவது ஹெபடைட்டிஸ் சி. 1989 வரை இந்த வைரஸுக்குப் பெயர்கூட இல்லை. ரத்தத்தில் கண்டுபிடிக்கவும் வழியில்லை. மலேசியாவில் சுமார் 4 லட்சம் பேருக்கு இது இருக்கலாம் என்பது மதிப்பீடு. இதைக் குணமாக்கும் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தபோது விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2017 செப்டம்பரில் மலேசிய அரசு துணிந்து ஒரு காரியம் செய்தது: காப்புரிமை இருந்தும், மலிவான மாற்று மருந்தை அரசுப் பயன்பாட்டுக்காக இறக்குமதி செய்ய உத்தரவிட்டது. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். 2021-இல் ரவிடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தையும் மலேசியா பதிவுசெய்தது. பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை. 100 பேரில் 95 பேருக்கு மேல் வைரஸே இல்லாமல் போகிறது. இப்படி ஒரு வசதி நம் நாட்டில் இருக்க, சோதித்துப் பார்க்காமலே ஒருவர் சாவது பெருங்கொடுமை.

மூன்றாவது, நம் வீடுகளில் மிக அதிகமாக இருப்பது: கல்லீரல் கொழுப்பு. நானூறு ஐந்நூறு மரம் வெட்டி வாளி சுமந்த உடம்புக்குப் பழகிய சோற்று அளவு, நாற்காலியிலும் லாரியிலும் உட்கார்ந்து வேலை செய்யும் உடம்புக்கு மிகை. அதோடு ரொட்டி சானாய், கெட்டிப்பால் தே தாரிக். 2023-இன் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நீரிழிவு இந்தியர்களிடம் மற்ற பெரிய இனத்தாரைவிடக் கூடுதல். நீரிழிவும் தொப்பையும் உள்ள இடத்தில் கல்லீரல் கொழுப்பும் இருக்க வாய்ப்பு அதிகம். குடிக்காதவருக்கும் கல்லீரல் சுருங்கலாம் என்பதை நம்மவர்கள் இன்னும் நம்புவதில்லை.

குடியும் போய்விடவில்லை. தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்த காலத்தில் அதை எதிர்த்து நின்றவர்களும் தொழிலாளர்களே. 1941-இன் கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. கள்ளுக்கடை போனபின் சம்சுவும் மலிவு மதுவும் வந்தன. கல்லீரலுக்கு அவற்றில் எல்லாமே சாராயம்தான்.

கைப்பேசி சொல்லும் நோய்

இன்றைய சுய வைத்தியம் இரண்டு திசையில் தவறுகிறது. வலது விலாவுக்குக் கீழே பிடிக்கிறது, உள்ளங்கை அரிக்கிறது, களைப்பாக இருக்கிறது என்று ஒருவர் தேடுகிறார். திரை கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் என்று அடுக்குகிறது. அவர் தூக்கம் போய், சாப்பாடு போய், வாட்சப்பில் வந்த ‘ஈரல் சுத்தம்’ பொடியை வாங்குகிறார். அவருக்கு இருப்பது வாயுத் தொல்லையாகவோ தசைப்பிடிப்பாகவோ இருக்கலாம். பித்தப்பைக் கல்லாகவும் இருக்கலாம். இன்னொருவருக்குக் கால் வீங்குகிறது, வயிறு உப்புகிறது. ‘கண் மஞ்சளாக இல்லையே, ஈரல் நன்றாகத்தான் இருக்கும்’ என்று அவர் விட்டுவிடுகிறார். பயந்தவரும் பயப்படாதவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: அளந்து பார்க்க வேண்டியதை ஊகித்துப் பார்க்கிறார்கள்.

மூலிகை தானே, கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்டுவிட்டது. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைச் சாப்பிட்டு 6 பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். இந்திய ஆயுஷ் அமைச்சு அதை மறுத்தது. அடுத்த ஆண்டே இந்தியாவின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டன. மலேசியாவில் பதிவுபெற்ற பாரம்பரிய மருந்துப் பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கி ‘டி’ என்று முடியும் எண் இருக்கும். அந்த எண்கூட இல்லாத புட்டியை, யாரோ அனுப்பிய காணொளியை நம்பி வாங்கி, நோயுற்ற கல்லீரல் மீதே சுமத்துகிறோம். பனடோலும் அப்படித்தான்: 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் எட்டைத் தாண்டினால் நல்ல கல்லீரலையும் கெடுக்கலாம். குடிப்பவருக்கும் கல்லீரல் நோயாளிக்கும் அந்த எல்லை இன்னும் கீழே. எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளியில் என்ன கிடைக்கும்

அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கே டாக்டர் முதலில் செய்வது கேள்வி கேட்பது. எத்தனை நாளாக? என்ன வேலை? குடிப்பீர்களா, எவ்வளவு? வேறு என்ன மாத்திரை, என்ன வேர், என்ன பொடி? குடும்பத்தில் யாருக்காவது ஈரல் நோய் உண்டா? எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா, பச்சை குத்தினீர்களா? இவற்றுக்கு உண்மையான பதில் சொல்வதே பாதி மருத்துவம். குடியையும் நாட்டு மருந்தையும் மறைத்தால் பரிசோதனை முடிவே வழி தவறிப்போகும்.

பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். ரத்தம் எடுப்பார்கள். அந்தத் தாளில் வரும் எண்களைக் கைப்பேசியில் போட்டுப் பார்க்கத் தோன்றும்; அங்கேயும் பொறுமை வேண்டும். கல்லீரல் நொதியின் அளவு சரியாக இருந்தும் உள்ளே தழும்பு இருக்கலாம். சற்றுக் கூடியிருந்தும் பெரிய நோய் இல்லாமல் இருக்கலாம். வயது, இரண்டு நொதிகளின் அளவு, ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தழும்புக்கான வாய்ப்பை மதிப்பிடும் முறை ஒன்று டாக்டர்களிடம் இருக்கிறது. ஒரே நொதி அளவு முப்பது வயதுக்காரருக்கு ஒரு பொருளும் அறுபது வயதுக்காரருக்கு வேறு பொருளும் தரும். தேவைப்பட்டால் ஸ்கேன், அதற்கு மேல் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குக் கடிதம். ரெம்பாவிலேயே இப்போது ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு ‘பெக்கா பி40’ திட்டத்தில் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் ஆகியவற்றை இலவசமாகச் சோதிக்கிறார்கள். சர்க்கரை இருப்பது தெரிந்தால் “என் ஈரலையும் பாருங்கள், டாக்டர்” என்று கேட்கலாம். 1989-க்கு முன் பிறந்தவர்கள் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடும்படி கேட்க வேண்டும்.

சில அறிகுறிகளுக்குக் கிளினிக் வரிசையும் கூடாது. கண் மஞ்சளாகிக் காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால், ரத்த வாந்தி எடுத்தால், மலம் தார் போலக் கறுத்தால், வயிறு திடீரென உப்பினால், பேச்சு தடுமாறி ஆள் குழம்பினால், நேரே அவசரப் பிரிவு, அல்லது 999.

இன்றும் வழியில்லாதவர்கள்

போகாமல் இருப்பதற்கு நாம் சொல்லும் காரணங்களையும் மதித்தே பேச வேண்டும். “போனால் குடியை வைத்துத் திட்டுவார்கள்” என்ற கூச்சம் உண்மை. “பெரிய நோய் என்று சொல்லிவிட்டால்?” என்ற பயமும் உண்மை. ஷிப்டு வேலையில் காலை வரிசை பிடிப்பதும் கடினம். ஆனால் கல்லீரலின் தழும்பு ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. அந்த ஆண்டுகள் எல்லாம் நமக்குக் கிடைத்த அவகாசம். தொடக்கத்தில் குடியை நிறுத்தினால், எடையைக் குறைத்தால், வைரஸை அடக்கினால், தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் ஆற்றல் கல்லீரலுக்கு உண்டு. பயந்து தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆற்றலைக் குறைக்கிறது.

உண்மையிலேயே வழி அடைபட்டவர்கள் இன்று வேறு. செம்பனைத் தோட்டங்களில் இப்போது குலை அறுப்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனைக் கட்டணம் பல மடங்கு. மொழி தெரியாது, பத்திரம் சரியில்லாதவருக்குப் பிடிபடும் பயம் வேறு. அவர்களும் கண்ணைப் பார்த்து, வேரைக் கொதிக்க வைத்து, நாளை சரியாகும் என்று காத்திருக்கிறார்கள். நம் பாட்டனார் நின்ற இடத்தில் இன்று நிற்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு மருத்துவ வாசல் திறக்க வேண்டும் என்று பேசுவதற்கு, அந்த லயங்களிலிருந்து வந்த நமக்குக் கூடுதல் கடமை இருக்கிறது.

நம்மைப் பொறுத்தவரை கடமை இன்னும் எளிது. வீட்டில் நாற்பதைத் தாண்டியவர் ஒருவர் சர்க்கரையோடு இருக்கலாம், அல்லது மாலையில் குடிப்பவராக இருக்கலாம், அல்லது அவருடைய அப்பாவோ அண்ணனோ வயிறு உப்பி இறந்திருக்கலாம். அவரைப் போகச் சொன்னால் போகமாட்டார். அடுத்த விடுப்பு நாளில் கூடவே அழைத்துப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முடிவு வரும் நாளையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.